படைக்கூட்டத்தை நடத்துபவர் யார்? சாரணர் இயக்கத்தின் வாராந்தரக் கூட்ட அமைப்பு: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சாரணர் இயக்க வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அதன் கொள்கை, பேரரசுச் சார்பு, படைப்பயிற்சித் தன்மை ஆகியவற்றையே விவாதித்துள்ளனர். அவ்வியக்கத்தின் அன்றாட வடிவமாகிய வாராந்தரப் படைக்கூட்டம் தனி ஆய்வுப் பொருளாக அரிதாகவே கொள்ளப்பட்டுள்ளது. கூட்டத்தின் நேரத்திட்டமும், அதை வகுக்கும் அதிகாரமும் வெவ்வேறு தோற்றுவாய்களை உடையவை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. முன்னது கையேடுகளின் வழியே எளிதாகப் பரவியது. பின்னதோ செல்லும் இடமெல்லாம் புதிதாக வென்றெடுக்கப்பட வேண்டியிருந்தது. இங்கிலாந்து, அமெரிக்கா, இந்தியா ஆகிய மூன்று நாட்டு நிலைமைகளின் வழி இக்கருத்து ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சாரணர் இயக்கம், அணி முறை, படைக்கூட்டம், அணித்தலைவர் மன்றம், பேடன் பவல், ரோலண்ட் பிலிப்ஸ், வில்லியம் ஹில்கோர்ட்.

முன்னுரை

அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில் வழங்கும் படைக்கூட்டத் திட்டப் படிவம் எளிய அமைப்புடையது. நிகழ்ச்சி, அதன் விளக்கம், நடத்துபவர், நேரம் என்னும் நான்கு பத்திகளே அதில் உள்ளன. கூட்டம் தொடங்குமுன் ஒரு விளையாட்டு, தொடக்க நிகழ்வு, திறன் பயிற்சி, அணிக் கூட்டம், அணிகளுக்கிடையேயான போட்டி, நிறைவு நிகழ்வு, கூட்டத்திற்குப் பின் தலைவர்களின் கலந்தாய்வு என ஏழு பகுதிகள் மேலிருந்து கீழாக அமைகின்றன. மொத்தக் கால அளவு ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம். நிகழ்ச்சிப் பத்தியையும் நேரப் பத்தியையும் நிரப்புவது எளிது; நூல்களில் ஆயத்தமான மாதிரிகள் உள்ளன. 'நடத்துபவர்' என்னும் பத்தியில் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வயதுச் சிறுவனின் பெயர் எழுதப்படுகிறதா, பெரியவரின் பெயர் எழுதப்படுகிறதா என்பதே அக்கூட்டத்தின் தன்மையைத் தீர்மானிக்கிறது. இயக்கத்தின் நூற்றாண்டு கடந்த வரலாற்றில் பெரும் பூசல்கள் பல இந்தக் குறுகிய பத்தியைச் சுற்றியே நிகழ்ந்துள்ளன.

மைக்கேல் ரோசன்தால் தம் நூலில் சாரணர் இயக்கத்தைக் கீழ்ப்படியும் குடிமக்களை உருவாக்கும் தொழிற்சாலையாகக் கண்டார். டிம் ஜீல் 1989-இல் வெளியிட்ட பேடன் பவலின் வரலாற்று நூலில் அக்கருத்தை மறுத்தார். ஜான் ஸ்பிரிங்ஹால், ஆலன் வாரன் ஆகியோருக்கிடையே இயக்கம் படைத்தன்மை உடையதா, குடிமைத்தன்மை உடையதா என்னும் விவாதம் நிகழ்ந்தது. இவ்விவாதங்கள் யாவும் நிறுவியவரின் எழுத்துகளையும் நிறுவனத் தலைமையின் அறிக்கைகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டவை. ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், ஒரு தேவாலயக் கூடத்தில், இருபது சிறுவர் எவ்வாறு பொழுதைக் கழித்தனர், அதை யார் முடிவு செய்தார் என்னும் கேள்வி அவற்றில் ஓரத்திலேயே நிற்கிறது. கீழ்ப்படிதலா தன்னாட்சியா என்பதற்கு விடை தேட வேண்டிய இடம் அக்கூடமே எனலாம்.

அணிவகுப்புக்கு மாற்று

1883-இல் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஸ்மித் தொடங்கிய 'பாய்ஸ் பிரிகேட்' அமைப்பே சாரணர் இயக்கத்திற்கு முன்னோடி. சமயக் கல்வியையும் படை அணிவகுப்பையும் இணைத்த அமைப்பு அது. கட்டளை மேலிருந்து வரும். வரிசை அதை நிறைவேற்றும். குதிரைப்படையின் தலைமை ஆய்வாளராக இருந்த பேடன் பவல் 1904-இல் அதன் ஆண்டு அணிவகுப்பைப் பார்வையிட்டார். சிறுவரின் எண்ணிக்கையும் ஒழுங்கும் அவரைக் கவர்ந்தன. அணிவகுப்பைப் பயிற்சி முறையாக அவர் ஏற்கவில்லை. அது தனிமனிதனின் அறிவையும் முன்முயற்சியையும் மழுங்கச் செய்யும் என்பதும், சிறுவனுக்கு விரைவில் சலிப்பூட்டும் என்பதும் அவர் கருத்து. வாழ்நாளெல்லாம் படையில் பணியாற்றிய ஒருவர் இவ்வாறு கருதியது முரண்பாடாகத் தோன்றலாம். ஆயினும் அவர் பயிற்றுவித்தவர்கள் உளவுச் சாரணர். கட்டளை எட்டாத இடத்தில் தாமே முடிவெடுக்க வேண்டியவர்கள். அந்தத் தேவையிலிருந்தே சிறு குழுப் பயிற்சி பிறந்தது.

பிரவுன்சீ தீவு: ஒரு நாளின் வடிவம்

1907 ஆகஸ்டுத் திங்களில் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்திலுள்ள பிரவுன்சீ தீவில் நடந்த முகாமில் ஏறத்தாழ இருபது சிறுவர் பங்கேற்றனர். ஒரு பகுதியினர் ஈட்டன், ஹாரோ போன்ற செல்வர் பள்ளிகளைச் சேர்ந்தோர். மற்றவர் பூல், போர்ன்மவுத் ஊர்களின் பாய்ஸ் பிரிகேட் உறுப்பினர். ஓநாய், காளை, காக்கை, கோட்டான் என்னும் நான்கு அணிகள் அமைக்கப்பட்டன. இங்குக் கோட்டான் என்பது வளைந்த நீண்ட அலகுடைய நீர்ப்பறவை, ஆந்தையன்று. ஒவ்வோர் அணிக்கும் மூத்த சிறுவன் ஒருவன் தலைவன். அணியின் ஒழுக்கத்திற்கு அவனே பொறுப்பு. வேலையிலும் விளையாட்டிலும் அணியே அலகு.

அன்றாட நிகழ்ச்சிமுறை கவனத்திற்குரியது. கூர்நோக்கு, காட்டறிவு, உயிர்காப்பு என ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பொருள் ஒதுக்கப்பட்டது. பொருளின் அறிமுகம் இரவில் பாசறைத் தீயைச் சுற்றிக் கதையாகச் சொல்லப்பட்டது. மறுநாள் செய்துகாட்டலும் செய்துபார்த்தலும் நிகழ்ந்தன. பின்னர் அதே திறன் போட்டியாகவோ விளையாட்டாகவோ மாறியது. சிறிதளவே சொல்லுதல், உடனே செய்யவைத்தல், செய்ததை விளையாட்டில் பயன்படுத்துதல் என்னும் இந்த வரிசையே இன்றைய படைக்கூட்டத் திட்டத்தின் கரு. முகாமில் ஒரு நாள் முழுதும் பரவிய நிகழ்ச்சிகள் பின்னர் ஒன்றரை மணிநேரத்துள் சுருங்கின, வரிசை மாறவில்லை.

1908 சனவரி முதல் இரு வாரங்களுக்கு ஒரு பகுதியாக ஆறு பகுதிகளில் வெளிவந்த 'ஸ்கௌட்டிங் ஃபார் பாய்ஸ்' நூலும் இவ்வரிசையையே பின்பற்றியது. அதன் இயல்கள் பாசறைத் தீக் கதைகள் எனப் பெயர் பெற்றன. கதைகளை அடுத்துப் பயிற்றுநருக்கான குறிப்புகள், செய்முறைகள், விளையாட்டுகள் இடம்பெற்றன. சான்றாக, ருட்யார்ட் கிப்ளிங் 1901-இல் வெளியிட்ட 'கிம்' புதினத்தில் சிம்லா நகர மணிக்கல் வணிகர் ஒருவர் சிறுவன் கிம்முக்கு நினைவாற்றல் பயிற்சி அளிக்கிறார். தட்டில் பரப்பிய பொருள்களைச் சிறிது நேரம் பார்த்து, மூடியபின் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். பேடன் பவல் இதைக் 'கிம் விளையாட்டு' என்னும் பெயரில் தம் நூலில் சேர்த்தார். உலகெங்கும் படைக்கூட்டங்களில் இன்றும் ஆடப்படும் விளையாட்டு இது. செலவில்லை, ஒரு துணியும் இருபது சிறு பொருள்களும் போதும், ஐந்து நிமிடத்தில் முடியும். படைக்கூட்டத்திற்கு ஏற்ற நிகழ்ச்சி எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

நூலை வாங்கிய சிறுவர் பெரியவருக்காகக் காத்திருக்கவில்லை. தாமே அணிகளை அமைத்தனர்; பின்னரே தமக்கொரு தலைவரைத் தேடிச் சென்றனர். 1909 செப்டம்பரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் திடலில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட சிறுவர் கூடினர். அழைக்கப்படாமலே சீருடையணிந்து வந்து நின்ற சிறுமியரும் அங்கிருந்தனர். பெண் சாரணியர் இயக்கம் 1910-இல் தனியே தொடங்கப்பட அதுவே தூண்டுதலாயிற்று. அணி முந்தியது, படை பிந்தியது என்னும் இக்கால வரிசை முதன்மையானது. எனினும் பாதிரிமார், பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற படைஅலுவலர் ஆகியோர் படைத்தலைமையை ஏற்றபோது தாம் அறிந்த முறைகளையே கொண்டுவந்தனர். பாதிரியின் கூட்டம் ஞாயிறு பள்ளியாயிற்று. ஆசிரியரின் கூட்டம் வகுப்பாயிற்று. படைஅலுவலரின் கூட்டம் அணிவகுப்பாயிற்று. அணி என்னும் பெயர் மட்டும் எஞ்சியது.

ரோலண்ட் பிலிப்ஸும் அணித்தலைவர் மன்றமும்

இந்நிலையை முறையாக எதிர்கொண்டவர் ரோலண்ட் பிலிப்ஸ். பிரபுக் குடும்பத்தில் 1890-இல் பிறந்த அவர், கிழக்கு லண்டனின் ஏழைத் தொழிலாளர் பகுதிகளில் சாரண ஆணையராகப் பணியாற்றினார். 1914-இல் அவர் வெளியிட்ட 'தி பேட்ரல் சிஸ்டம்' சிறிய நூலே. பேடன் பவலின் நூலில் அணி ஓர் ஏற்பாடாக இருந்தது; பிலிப்ஸின் நூலில் அது ஓர் ஆட்சிமுறையாயிற்று. ஒவ்வோர் அணிக்கும் தனிக் கூட்டம், தனி மூலை, தனிப் பதிவேடு உண்டு. அணித்தலைவர்கள் கூடும் மன்றம் 'கோர்ட் ஆஃப் ஆனர்' எனப்பட்டது. படையின் நிகழ்ச்சித் திட்டமும் ஒழுங்குமுறையும் அதன் பொறுப்பு. பெரியவர் அதில் அமரலாம், ஆலோசனை கூறலாம், முடிவு அணித்தலைவர்களுடையது. பெரியவர் முதலில் பயிற்றுவிக்க வேண்டியது படை முழுவதையுமன்று, அணித்தலைவர்களையே என்பது இம்முறையின் உட்கிடை. அவர்கள் தத்தம் அணியைப் பயிற்றுவிப்பர்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். பிரவுன்சீ முகாம் நேரத்திட்டத்தைத் தந்தது. பிலிப்ஸ் அதை வகுக்கும் அதிகாரத்தைச் சிறுவரிடம் வைத்தார். முதலாவதைத் தாளில் எழுதி அஞ்சலில் அனுப்பலாம். இரண்டாவதற்குத் தம் கையிலிருப்பதை விட்டுக்கொடுக்கும் பெரியவர் ஒருவர் வேண்டும். இவ்விரண்டும் ஒரே நூலில் அருகருகே அச்சிடப்பட்டதால் ஒன்றே எனப் பின்னோர் கருதினர். இயக்க வரலாற்றின் குழப்பங்கள் பல இதிலிருந்தே எழுகின்றன.

இம்முறைக்குச் சோதனை விரைவில் வந்தது. 1914-இல் போர் மூண்டதும் இளம் படைத்தலைவர் பலர் களம் சென்றனர். பல இடங்களில் படைகளைப் பதினான்கு, பதினைந்து வயது அணித்தலைவர்களே நடத்தினர். அணி முறை வேரூன்றிய படைகள் தலைவரின்றியும் தொடர்ந்ததைப் பேடன் பவல் பின்னாளில் அதன் பயனுக்குச் சான்றாகக் காட்டினார். பிலிப்ஸும் படையில் சேர்ந்து, 1916 சூலை 7-இல் சோம் போரில் உயிரிழந்தார். ஸ்டெப்னி கிரீனில் அவருக்கிருந்த இல்லம் அவரது விருப்பப்படி சாரணர் இயக்கத்திற்கு வந்து 'ரோலண்ட் இல்லம்' எனப் பெயர் பெற்றது. தலைவன் இல்லாதபோதும் நடக்கும் படையைப் பற்றி எழுதியவர், தாம் எழுதியதன் விளைவைக் காணும் வாய்ப்பைப் பெறவில்லை.

கில்வெல்: பெரியவரை அணியில் அமர்த்துதல்

போருக்குப் பின் பேடன் பவல் படைத்தலைவருக்கென 'எய்ட்ஸ் டு ஸ்கௌட்மாஸ்டர்ஷிப்' என்னும் நூலை வெளியிட்டார். ஒரு படையில் முப்பத்திரண்டு பேருக்குமேல் இருத்தலாகாது என்பது அதிலுள்ள அறிவுரை. அதற்கு அவர் கூறும் காரணம் நகைச்சுவை கலந்தது. தம்மால் பதினாறு சிறுவரையே நன்கு கவனிக்க முடிந்தது. பிறர் தம்மைப்போல் இருமடங்கு திறமையுடையோர் எனக் கொண்டதால் முப்பத்திரண்டாயிற்று என்கிறார். தலைவர் பள்ளி ஆசிரியராகவோ படை ஆணையாளராகவோ சமயப் போதகராகவோ நடந்துகொள்ளலாகாது, மூத்த அண்ணனின் இடத்தில் நிற்க வேண்டும் என்பதும் அந்நூலின் கருத்து. எதைச் செய்வது என ஐயம் எழுந்தால் சிறுவரையே கேட்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார்.

நூலால் மட்டும் இது நிகழாது என்பதை இயக்கம் உணர்ந்திருந்தது. எப்பிங் காட்டை ஒட்டிய கில்வெல் பூங்கா, டபிள்யூ. டி பாய்ஸ் மெக்லாரன் அளித்த நன்கொடையால் 1919-இல் வாங்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் பிரான்சிஸ் கிட்னி தலைமையில் முதல் 'உட் பேட்ஜ்' பயிற்சி நடந்தது. பயிற்சிக்கு வந்த பெரியவர்கள் தாமே அணிகளாகப் பிரிந்து கூடாரத்தில் தங்கினர், சமைத்தனர், முறைவைத்து அணித்தலைவராயினர். அணி முறையை விரிவுரையால் கற்பிக்காமல், அதற்குள் வாழவைத்துக் கற்பித்ததே கில்வெல்லின் சிறப்பு. 1923-இல் பொறுப்பேற்று இருபதாண்டுகள் அப்பதவியிலிருந்த ஜே. எஸ். வில்சன் கல்கத்தா காவல்துறையில் பணியாற்றியவர். காவலர் பயிற்சிக்கே 'ஸ்கௌட்டிங் ஃபார் பாய்ஸ்' நூலைப் பயன்படுத்திய அவருக்கு அங்குதான் இயக்கத்தோடு தொடர்பு ஏற்பட்டது. பேரரசின் காவல் அலுவலர் ஒருவர் சிறுவரின் தன்னாட்சி முறைக்கு உலகப் பயிற்றுநரானமை, ரோசன்தாலின் தரப்பும் ஜீலின் தரப்பும் ஒருசேர எடுத்துக்காட்டக்கூடிய செய்தி.

அமெரிக்கா: ஹில்கோர்ட்டின் இரு முயற்சிகள்

அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1910-இல் தொடங்கப்பட்டது. 1911 முதல் 1943 வரை அதன் தலைமை நிருவாகியாக இருந்த ஜேம்ஸ் வெஸ்ட் சட்டம் பயின்றவர். நிறுவனத்தை வலுவாகக் கட்டியவர். அங்குத் தொடக்கக் காலப் படைகளில் பெரியவரே மையமாயிருந்தார். டென்மார்க்கில் 1900-இல் பிறந்து, 1920-இல் லண்டனில் நடந்த முதல் உலகச் சாரணர் பெருவிழாவில் பங்கேற்று, 1926-இல் அமெரிக்கா சென்ற வில்லியம் ஹில்கோர்ட் இக்குறையை உடனே கண்டார். தலைமையகத்தில் பணியாற்றியபோது கால்முறிந்து ஊன்றுகோலுடன் இருந்த அவரை மின்தூக்கியில் சந்தித்த வெஸ்ட், இயக்கம் பற்றிய அவர் கருத்தை வினவியதாகவும், அதற்கு விடையாக ஒரு நீண்ட குறிப்பை அவர் எழுதிக் கொடுத்ததாகவும் சொல்லப்படுகிறது. அமெரிக்கப் படைகளில் அணி முறை இல்லை என்பதே அக்குறிப்பின் சாரம். விளைவாக 1929-இல் அணித்தலைவருக்கான கையேடு வெளிவந்தது. அது சிறுவரை நோக்கி எழுதப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. பெரியவரின் இசைவுக்குக் காத்திராமல் அணித்தலைவனிடமே முறையை ஒப்படைத்தார் ஹில்கோர்ட்.

1935-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் மெண்டம் ஊரில் அவர் ஒரு படையைத் தொடங்கி நீண்ட காலம் நடத்தினார். நூலில் எழுதுவதைக் கூட்டத்தில் செய்துபார்க்கும் களமாக அது விளங்கியது. 1936-37-இல் படைத்தலைவருக்கான கையேடு அவர் கைவண்ணத்தில் இரு தொகுதிகளாக வந்தது. அமெரிக்க முறையில் கூட்டம் தனித்து நிற்பதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் அணித்தலைவர் குழு ஆண்டுத் திட்டத்தை வகுக்கும். மாதத்திற்கொரு பொருள், மாத இறுதியில் ஒரு வெளிப்பயணம், இடையிலுள்ள வாரக் கூட்டங்கள் அப்பயணத்திற்கான ஆயத்தம். முடிச்சுப் பயிற்சி முடிச்சுக்காகவன்று. சனிக்கிழமை கட்ட வேண்டிய கூடாரத்திற்காக. பயணம் இல்லாத படையில் கூட்டம் காரணமற்றதாகி, நான்காம் வாரத்திற்குள் வருகை குறையும்.

ஏழு பகுதிகளின் வைப்புமுறைக்கும் காரணமுண்டு. கூட்ட நேரத்திற்கு முன்பே சிலர் வந்துவிடுவர். வேலையின்றி நிற்கும் ஐந்து சிறுவர் கூடத்தையே கலைத்துவிடுவர். ஆதலால் வருவோர் வரவரச் சேர்ந்துகொள்ளும் விளையாட்டு ஒன்று முதலிலேயே தொடங்கிவிடும். பயிற்சிக்கு இருபது நிமிடத்திற்கு மேல் இல்லை. அதை அடுத்து வரும் போட்டி, கற்ற திறனையே பயன்படுத்தும். நிறைவு நிகழ்வு ஆரவாரமின்றி அமையும். பெரியவர் முறையாகப் பேசும் இடம் அந்த ஒரு நிமிடம் மட்டுமே. எல்லோரும் சென்றபின் அணித்தலைவர்கள் நின்று, நடந்ததை மதிப்பிட்டு, அடுத்த வாரத்திற்கு யார் எதை நடத்துவது எனப் பெயர் குறிப்பர். இப்பகுதி விடுபட்டால் அடுத்த வாரத்தின் 'நடத்துபவர்' பத்தி வெறுமையாக இருக்கும். வெறுமையைப் பெரியவர் நிரப்புவார்.

1965-இல் ஹில்கோர்ட் ஓய்வுபெற்றார். 1972-இல் அமெரிக்க இயக்கம் தன் திட்டத்தைப் பெருமளவு மாற்றியது. நகரச் சிறுவரை ஈர்ப்பது நோக்கம். முகாம் வாழ்க்கையும் காட்டறிவும் பின்தள்ளப்பட்டன. தலைமைப் பண்பு வளர்ச்சி முன்னிறுத்தப்பட்டது. தலைமை என்னும் சொல் மிகுதியாகப் புழங்கிய அக்காலத்தில் தலைமை கற்கும் களம் சுருங்கியது என்பதே இதிலுள்ள முரண். அணியாகச் சென்று, அணியாகச் சமைத்து, அணியாக மழையில் நனைந்து திரும்பும் தேவை குறைந்தபோது, அணித்தலைவனுக்கு முடிவெடுக்க ஒன்றுமில்லாமற் போயிற்று. அவ்வாண்டுகளில் உறுப்பினர் எண்ணிக்கை கணிசமாகச் சரிந்தது. வியட்நாம் போர்க்காலச் சீருடை வெறுப்பு, சிறுவர் மக்கள்தொகையின் வீழ்ச்சி ஆகியனவும் சரிவுக்குப் பங்களித்திருத்தல் கூடும். திட்ட மாற்றம் ஒன்றையே காரணமாக்குவது மிகை. எனினும் இயக்கமே தன் பிழையாக எதைக் கருதியது என்பதற்குச் சான்று உண்டு. ஓய்விலிருந்த ஹில்கோர்ட் திரும்ப அழைக்கப்பட்டார். 1979-இல் அவர் எழுதிய புதிய கையேட்டில் முகாமும் காடும் மீண்டும் முன்னிடம் பெற்றன.

ஒரு சொல்லின் பயணமும் நோக்கத்தக்கது. பிலிப்ஸ் நூலில் ஆட்சிமன்றத்தைக் குறித்த 'கோர்ட் ஆஃப் ஆனர்' என்னும் பெயர், அமெரிக்காவில் பெற்றோர் முன்னிலையில் விருதுகள் வழங்கும் விழாவைக் குறிக்கலாயிற்று. ஆட்சிப்பணி வேறொரு குழுவின் பெயருக்கு மாறியது. சிறுவர் முடிவு செய்யும் அவை, சிறுவருக்குப் பெரியவர் பரிசளிக்கும் அவையாகப் பொருள் மாறியமை தற்செயலாகவும் இருக்கலாம்.

இந்தியச் சூழல்: பள்ளி மணியும் படைக்கூட்டமும்

இந்தியாவில் இயக்கம் 1909-இல் பெங்களூரில் தொடங்கியபோது அது ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவருக்கு உரியதாயிருந்தது. இந்தியச் சிறுவரைச் சேர்ப்பதில் அரசு தயங்கியது. அத்தயக்கத்தின் பின்னிருந்த அச்சத்தைக் கேரி வாட் தம் ஆய்வுகளில் விரிவாக விளக்கியுள்ளார். வெளியிடங்களில் திரிந்து, செய்தி சுமந்து, தாமே திட்டமிட்டுச் செயல்படும் சிறுவர் குழு, காலனிய அலுவலருக்குக் குணநலப் பயிற்சியாக மட்டும் தோன்றவில்லை. அரசெதிர்ப்பின் நாற்றங்காலாகவும் தோன்றியது. அணி முறையின் உள்ளாற்றலை அதன் ஆதரவாளரைவிட அதற்கு அஞ்சியோர் தெளிவாக உணர்ந்திருந்தனர் எனலாம்.

இந்தியச் சிறுவருக்கென அன்னி பெசண்டும் ஜி. எஸ். அருண்டேலும் சென்னையில் தொடங்கிய இந்தியச் சாரணர் சங்கம் இத்தடைக்கு விடையாக எழுந்தது. 1916-இல் தன்னாட்சி இயக்கத்தைச் சென்னையில் தொடங்கியவரும் பெசண்டே. 1917-இல் அவரும் அருண்டேலும் அரசால் காவலில் வைக்கப்பட்டனர். நாட்டின் தன்னாட்சியைக் கோரியவரும் சிறுவரின் அணியாட்சியை ஊக்கியவரும் ஒருவரே என்பது அக்காலச் சென்னையில் யாருக்கும் வியப்பளித்திராது. வடக்கே மதன்மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் வாஜ்பாய் ஆகியோர் அலகாபாத்தில் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை அமைத்தனர். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசண்டின் சங்கம் அவரது இயக்கத்தோடு இணைந்தது. விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7-இல் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவாயிற்று.

இங்கிலாந்தில் படைகள் தேவாலயங்களையும் ஊர்களையும் சார்ந்து வளர்ந்தன. இந்தியாவில் அவை பெரும்பாலும் பள்ளிகளில் வளர்ந்தன. இடமும் ஆளும் மாணவரும் ஆயத்தமாக இருந்ததால் இயக்கம் விரைந்து பரவியது. வேறெங்கும் சென்றடைய இயலாத எளிய குடும்பத்துப் பிள்ளைகளையும் பள்ளி வழியாகவே அது எட்டியது. இப்பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் பேடன் பவல் தலைவருக்கு விலக்கிய முதல் வேடமே பள்ளி ஆசிரியர் வேடம். தமிழில் அப்பதவியின் பெயரே 'சாரண ஆசிரியர்' என்பதாகும். சிலப்பதிகார நாடுகாண் காதையில் வரும் 'சாரணர்' சமண முனிவர். இடையறாது இயங்குவோர் என்னும் பொருட்சாயலுடைய அப்பழஞ்சொல்லை இவ்வியக்கத்திற்குத் தேர்ந்தமை பொருத்தமே. அதனோடு 'ஆசிரியர்' ஒட்டியபோது, ஓரிடத்தில் அமர்ந்து கற்பிக்கும் மரபு உடன் வந்து சேர்ந்தது. காலையில் கணிதம் கற்பித்தவரே மாலையில் அண்ணனாக மாற வேண்டும். மாணவனும் அவரை அண்ணனாகக் கருத வேண்டும். 'ஐயா' என எழுந்து நின்று பழகிய மாணவன் அணித்தலைவர் மன்றத்தில் அவரை மறுத்துப் பேசுவது எளிதன்று.

பாரத சாரண இயக்கத்தின் அமைப்பில் அணிக்குழுவும் அணித்தலைவர் மன்றமும் இன்றும் இடம்பெற்றுள்ளன. கொடியேற்றம், பேடன் பவலின் ஆறு உடற்பயிற்சிகள், அணி மூலையில் பயிற்சி, விளையாட்டு, நிறைவு என நிகழ்ச்சி வரிசையும் நிலைபெற்றுள்ளது. பிரதம சோபான் முதல் ராஜ்ய புரஸ்கார் வரையான படிநிலைகளைக் கடந்து சான்றிதழ் பெறுதல் மாணவரையும் பெற்றோரையும் ஈர்க்கிறது. படிநிலைத் தேர்வு முன்னிலை பெறும் படைகளில், கூட்டம் தேர்வுக்கான வகுப்பாக மாறும் இயல்பு இருக்கிறது. முடிச்சு, சனிக்கிழமைக் கூடாரத்திற்காக அன்றி, தேர்வாளருக்காகக் கட்டப்படுகிறது. பள்ளி நேரத்திற்குள் ஒதுக்கப்படும் ஒரு பாடவேளையில், கூட்டத்திற்குப் பிந்திய அணித்தலைவர் கலந்தாய்வுக்கு இடமே இல்லை. மணி அடித்ததும் அடுத்த வகுப்பு. பள்ளி முடிந்தபின் மைதானத்தில் கூடும் படைகளில் அந்தப் பதினைந்து நிமிடம் கிடைக்கிறது. இந்த வேறுபாடு சிறிதெனத் தோன்றினும், முன்னர்க் கண்டவாறு, அடுத்த வாரத்தை யார் நடத்துவார் என்பது அங்குதான் முடிவாகிறது.

தமிழகப் படைகளில் இம்முறை எவ்வளவு நடைமுறையில் இருந்தது என்பதை அறிய ஆண்டறிக்கைகளும் விழா மலர்களும் போதிய சான்றாகா. அவை பெரியவர் எழுதியவை. விருதுகளையும் வருகை தந்த சிறப்பு விருந்தினரையும் பதிவு செய்பவை. அணிப் பதிவேடுகளும் அணித்தலைவர் மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பேடுகளுமே நேர்ச்சான்றுகள். பழமையான பள்ளிகளின் அலமாரிகளில் அவை எஞ்சியிருப்பின், ஆய்வாளர் முதலில் நோக்க வேண்டியது அவற்றின் உள்ளடக்கத்தைக்கூட அன்று. தீர்மானங்களை எழுதியிருப்பது மாணவனின் கையெழுத்தா, ஆசிரியரின் கையெழுத்தா என்பதையே.